கமெராவுக்கு முன்னால் இருப்பது பதிவுசெய்த பிள்ளைதானா?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தில் இணையவழி டிப்ளோமா ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறீர்கள். 60 பிள்ளைகள். பாதிக்கு மேல் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும், மிச்சப்பேர் மன்னார், முல்லைத்தீவு, கொழும்பு, நாலு பேர் கனடாவில். முதல் ஒப்படை வந்தபோது மூன்று பேரின் எழுத்து அவர்களுடையது மாதிரியே இல்லை. எந்த மென்பொருளை வாங்கினால் ஆள்மாறாட்டத்தை நிறுத்தலாம், பிள்ளை ஒன்றுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குவதற்கு முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். நான் இந்த வேலைக்குள் வந்து 12 வருடமாகிறது, இந்த மென்பொருள்களில் சிலவற்றை நானே நிறுவி, நானே அவற்றின் அறிக்கைகளோடு இரவிரவாக இருந்திருக்கிறேன்.

"ஆளை உறுதிசெய்வது" என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பெயரில் இப்படி ஒருவர் உண்மையாகவே இருக்கிறாரா என்பது ஒன்று. இப்போது திரைக்கு முன்னால் இருப்பது அவர்தானா என்பது இன்னொன்று. இந்த வேலையைச் செய்தது அவர்தானா என்பது மூன்றாவது. கடையில் விற்கிற மென்பொருள் கிட்டத்தட்ட முழுக்க இரண்டாவது கேள்விக்குத்தான். உங்கள் பிரச்சினை மூன்றாவது. சோதனை நேரத்தில் முகத்தைப் பார்த்துவிட்டால் ஒப்படையை எழுதியது யார் என்று தெரிந்துவிடாது.

இன்னொன்று, கடவுச்சொல் பற்றி. வங்கிக் கணக்கில் வாடிக்கையாளரும் வங்கியும் ஒரு பக்கம், கள்வன் மறுபக்கம். அதனால் கடவுச்சொல்லும் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் அங்கே வேலை செய்கின்றன, கணக்கு வைத்திருப்பவரே அதைக் காப்பாற்ற நினைக்கிறார். இங்கே வீட்டுக்காரரே திறப்பைக் கையில் கொடுத்து உள்ளே போ என்கிறார். அந்த ஆறு இலக்கத்தைப் போனில் மச்சானுக்கு வாசித்துச் சொல்லப் பத்து விநாடி போதும். களவைத் தடுப்பதற்குச் செய்த பூட்டு, சம்மதத்தோடு நடக்கிற ஆள்மாறாட்டத்தைத் தடுக்காது. இது விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

அமெரிக்காவில் 2008இல் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம் வந்தபோது தொலைக்கல்வி நடத்தும் நிறுவனங்களுக்கு ஒரு கடமை வைத்தார்கள்: பதிவுசெய்தவர்தான் பாடத்தில் பங்கெடுத்து, முடித்து, புள்ளியும் பெறுகிறார் என்று நிறுவனம் உறுதிப்படுத்த வேண்டும். அதை நடைமுறைப்படுத்த வந்த விதியில் பாதுகாப்பான உள்நுழைவும் கடவுச்சொல்லும், மேற்பார்வையோடு நடக்கும் பரீட்சை, புதிய தொழில்நுட்பங்கள் என்று மூன்று வழிகளை உதாரணமாகச் சொன்னார்கள். மாணவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், இதற்கென்று மேலதிகக் கட்டணம் இருந்தால் பதிவு நேரத்திலேயே சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு கடமை முடிந்தது என்று இருந்துவிட அந்த விதி இடம் விட்டது. சட்டத்துக்கு அது காணும், உங்கள் டிப்ளோமாவின் பெறுமதிக்குக் காணாது. ஆனால் கட்டணத்தைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுப் பருவத்தில் "கமெரா வாங்குங்கோ" என்று சொன்னால் முல்லைத்தீவுப் பிள்ளை எங்கே போவது?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இதைப் பலபேர் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

தேசிய அடையாள அட்டை எண்ணை இரகசியமாக நினைத்து அதையே ஆரம்பக் கடவுச்சொல்லாகக் கொடுக்கிற நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் இரகசியமே இல்லை. 2016இலிருந்து வருகிற 12 இலக்க எண்ணில் முதல் நாலும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2001 532 என்று ஒரு எண் தொடங்கினால் 2001 பெப்ரவரி 1இல் பிறந்த பெண் என்று அட்டையைப் பார்க்காமலே சொல்லலாம். பிறகு "அடையாளத்தை உறுதிப்படுத்த உங்கள் பிறந்த திகதி என்ன?" என்று கேட்பதில் என்ன இருக்கிறது? ஒருவருடைய அட்டை எண் தெரிந்த எவருக்கும் அந்த விடை தெரியும்.

அப்புறம் பெயர். வெளிநாட்டு மென்பொருள் எல்லாம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கந்தசாமியின் மகன் பிரதீபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிரதீபன் மட்டும், அடையாள அட்டையில் கந்தசாமி பிரதீபன், பாடசாலை இடாப்பில் க. பிரதீபன், கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் ஒன்று, மற்ற இடத்தில் இன்னொன்று. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் முதலெழுத்துக்குப் பின்னால் ஐ போட்டிருப்பார்கள், மற்ற இடத்தில் போட்டிருக்க மாட்டார்கள், "தீ"க்கு ஒருவர் இரண்டு ஈ போடுவார், மற்றவர் ஒரு ஐயோடு விட்டுவிடுவார். கலியாணம் கட்டிய பிள்ளை என்றால் அப்பாவின் பெயர் இருந்த இடத்துக்குக் கணவரின் பெயர் வந்திருக்கும். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று கேட்கிற இயந்திரத்துக்கு இது மூன்று பேர். எங்களுக்கு ஒரே பெடியன்.

அதோடு பழைய லமினேட் அட்டையில் ஆங்கிலமே இல்லை. 2017இல் வரத் தொடங்கிய புதிய அட்டையில்தான் மூன்று மொழியும் இருக்கின்றன. பழைய அட்டையைக் கமெராவுக்கு நேரே பிடித்தால் வெளிநாட்டில் இருந்து சோதனையைக் கண்காணிக்கிற மேற்பார்வையாளருக்கு வாசிக்கத் தெரியாது. பாடசாலைக் காலத்தில் எடுத்த படத்தோடு, இப்போது தாடியோடு இருக்கிற 30 வயது ஆளின் முகத்தை ஒப்பிட்டுக் குழம்புவதும் நடக்கும்.

இதற்கு நான் செய்வது எளிது. பதிவு நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் காணொளியில் ஐந்து நிமிடம் கதைப்பேன். பிள்ளை அட்டையைக் கையில் பிடித்திருக்கும், பெயர் எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று நானே கேட்டு எழுதிக்கொள்வேன், அப்போதே ஒரு படம் எடுத்து கோப்பில் வைப்பேன். எந்த ஊர், என்ன வேலை, ஏன் இந்தப் பாடநெறி, வீட்டில் யாருடைய போனில் படிக்கப் போகிறீர்கள் என்றும் கேட்பேன். கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு போனில் மூன்று பேர் படிக்கிற வீடு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால், பின்னர் அந்தப் போனில் வேறு ஆளின் உள்நுழைவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குரலும் காதில் பதிந்துவிடும். 60 பேருக்கு 5 மணித்தியாலம், இரண்டு பின்னேரம்.

இனி கமெரா. இதில்தான் மனம் நொந்த கதை ஒன்று இருக்கிறது.

சில வருடங்களுக்கு முதல் நான் வேலை செய்த ஒரு இடத்தில் தானாகவே கண்காணிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கு "இரண்டாவது முகம்" என்று ஒரே சோதனையில் 14 தடவை கொடி, அதாவது சந்தேகக் குறி, விழுந்திருந்தது. விசாரணைக்கு அழைக்கக் கடிதமும் தயார். அனுப்ப முதல் நான் ஒளிப்பதிவைத் திறந்து பார்த்தேன். பிள்ளை விறாந்தையில் இருந்து எழுதுகிறாள், சிக்னல் அங்கேதான் வருகிறது. பின்சுவரில் அவளுடைய அப்பாவின் படம், மாலை போட்டு, மேலே ஒரு சின்ன சிவப்பு மின்குமிழ். அவள் கொஞ்சம் இடப்பக்கம் சாயும்போதெல்லாம் அந்தப் படம் வெளியே தெரிகிறது. மென்பொருள் எண்ணியது இறந்துபோன தகப்பனின் முகத்தை. அந்தக் கடிதம் போயிருந்தால் அந்தப் பிள்ளை எங்களுக்கு என்ன பதில் எழுதியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ப்ரொக்டர்யூ என்ற அமெரிக்க நிறுவனம் மனிதர் பார்க்காமல் செயற்கை நுண்ணறிவு மட்டுமே கண்காணிக்கிற சேவையை விற்பதை 2021இல் தானே நிறுத்திக்கொண்டது. இயந்திரம் கொடி போட்டதை ஆசிரியர்கள் பெரும்பாலும் திறந்தே பார்ப்பதில்லை என்று அவர்களே கண்டுகொண்டார்கள். பார்க்காவிட்டால் குற்றவாளியும் தப்புகிறான், அப்பாவியின் பெயரிலும் கறை நிற்கிறது.

முகப் பொருத்தத்திலும் ஒரு விசயம் இருக்கிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வேறு ஆட்களை "ஒரே ஆள்" என்று தவறாகச் சொல்வது, பல மென்பொருள்களில் வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆபிரிக்க அமெரிக்க முகங்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும். ஆனால் எங்களுக்கு இதன் அர்த்தம் என்ன? தம்பிக்காக அண்ணன் வந்து இருந்தால் இயந்திரம் ஓம் என்று சொல்லிவிடலாம். யன்னலுக்கு முதுகு காட்டி இருக்கிற உண்மையான பிள்ளையை, முகம் இருட்டாகத் தெரிகிறது என்று, இல்லை என்று சொல்லிவிடலாம்.

அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் அரச பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரிடம் வேதியியல் சோதனைக்கு முதல் படுக்கையறையைக் கமெராவால் காட்டச் சொன்னதற்கு, அது அரசியலமைப்புக்கு முரணான சோதனையிடல் என்று 2022 ஓகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் சட்டம் வேறு, ஆனால் வீடு வீடுதான். ஒரே ஒரு அறையும் ஒரு குசினியும் இருக்கிற வீட்டில், கட்டிலில் அம்மம்மா படுத்திருக்க, ஒரு குமர்ப்பிள்ளையைக் கமெராவைச் சுற்றிக் காட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

தட்டச்சுப் பழக்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற முறையும் இருக்கிறது. ஒரு விசையை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம், ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் வேறு, கையெழுத்து மாதிரி. இணையவழிப் பாடநெறித் தளமான கோர்செரா 2013இல் அடையாளம் உறுதிசெய்த சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியபோது இதையும் அட்டைப் படத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினது. யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு கிழமை கணினியில் பாமினி தமிழ் விசைப்பலகை முறையில் அடித்து, அடுத்த கிழமை போனில் ஆங்கில எழுத்தால் தமிழை அடித்து, மூன்றாம் கிழமை குரலால் சொல்லி எழுதுவிக்கிற பிள்ளைக்கு எந்தக் கையெழுத்து?

பாடக் கோப்புகளும் ஒப்படைகளும் வைக்கிற மூடில் என்ற தளத்தில் இருக்கிற பதிவுகளைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள், அது சும்மா கிடைக்கிறது. எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்று எல்லாம் இருக்கும். ஒப்படைக்குரிய பாடக் கோப்புகளை ஒருதரமும் திறக்காமல் முழுமையான விடை வந்தால் அது கேட்க வேண்டிய விசயம், வட்ஸ்அப்பில் கோப்பை வாங்கிப் படித்ததாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு பேரின் ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பைக் காட்டும் எண், ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி யாரையும் பிடிக்காதீர்கள். கைபேசி இணைய நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது வழக்கம். சாவகச்சேரியில் ஒருவரும் வவுனியாவில் ஒருவரும் ஒரே முகவரியில் தெரிவார்கள். ஒரே ஆள் ஒரே பின்னேரத்தில் நாலு முகவரியில் வருவதும் உண்டு, கரண்ட் போனால் வைபையை விட்டு டேட்டாவுக்கு மாறுகிறோமே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நேரத்துப் பதிவுகளை இப்போது பார்த்தால் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் கள்ளர் மாதிரித்தான் தெரியும்.

இறுதிப் பரீட்சைக்கு என்னைக் கேட்டால் மண்டபம்தான். பழைய வழி, ஆனால் இன்னும் அதை வெல்ல ஒன்றும் வரவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே எங்கே இருந்தும் படிக்கலாம், வந்து பரீட்சை எழுதினால் பட்டம் என்று கதவைத் திறந்துவிட்டது. எங்கள் பாட்டன் தலைமுறையில் எத்தனையோ பேர் வீட்டில் இருந்து படித்து அந்த வெளிவாரிப் பட்டத்தை எடுத்தார்கள். 1980இல் தொடங்கிய எங்கள் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் இருக்கிறது. படிப்பு எங்கேயும் நடக்கட்டும், எழுதுவது மேசையில், அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஒரு மனிதருக்கு முன்னால். உங்கள் 56 பேருக்கு யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று மூன்று மண்டபம் ஒரு சனிக்கிழமைக்குக் கிடைத்தால் போதும். பிள்ளைகளின் பஸ் காசையும் கணக்கில் எடுத்துத்தான் மென்பொருளோடு ஒப்பிட வேண்டும். கனடாவில் இருக்கும் நாலு பேருக்கு, அங்கே பரீட்சை மேற்பார்வையைக் கட்டணத்துக்குச் செய்கிற கல்லூரிகளும் பொது நூலகங்களும் உண்டு, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஆனால் ஒப்படைக்கு மண்டபம் உதவாது. அதற்கு நான் நம்புவது ஒன்றைத்தான், வாய்மொழி. ஒப்படை வந்து ஒரு கிழமைக்குள் பிள்ளையைக் கூப்பிட்டு ஆறு நிமிடம் அதைப் பற்றியே கதைப்பது. எல்லோரையும் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டால் 60 பேருக்கு 6 மணித்தியாலம் போகும். பருவத்தில் ஒரு ஒப்படைக்கு எல்லோரையும், மற்றவற்றுக்குக் குலுக்கிப் போட்டுப் பத்துப் பேரையும் கூப்பிடுங்கள். யாரைக் கூப்பிடுவோம் என்று முன்னால் தெரியக்கூடாது, கூப்பிடுவோம் என்பது மட்டும் முதல் நாளே எல்லோருக்கும் தெரிய வேண்டும். சந்தேகத்தில் மட்டும் கூப்பிட்டால் கூப்பிட்டாலே அவமானம் என்றாகிவிடும். குலுக்கலோடு கலந்துவிட்டால் அது வகுப்பின் வழக்கம், அவ்வளவுதான்.

கேட்கும் கேள்வி மனப்பாடச் சோதனையாக இருக்கக்கூடாது. "மூன்றாம் பக்கத்தில் இந்த உதாரணத்தை ஏன் எடுத்தீர்கள்? இதை எழுதும்போது எது கஷ்டமாக இருந்தது? எதை எழுதிவிட்டு வெட்டினீர்கள்?" இப்படிக் கேளுங்கள். எழுதினவருக்கு இதற்கு விடை தானாக வரும், கொஞ்சம் கூடக் கதைப்பார்கள், நிறுத்த வேண்டி வரும். எழுதாதவர் ஒப்படையையே திரும்ப வாசிப்பார். செயற்கை நுண்ணறிவால் எழுதுவித்ததும் இதே கேள்வியில்தான் வெளியே வரும், அதற்கென்று தனிக் கருவி தேடாதீர்கள், அந்தக் கருவிகள் சொந்தமாக எழுதியவர்களையும் குற்றம் சொல்கின்றன.

இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒரு பெடியன், சரளமான ஆங்கிலத்தில் ஒப்படை, வகுப்பில் வாயே திறப்பதில்லை. எனக்கு நல்ல சந்தேகம். கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டேன், தடுமாறினான். சரி, தமிழில் சொல்லுங்கோ என்றேன். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குமுறை பற்றி இருபது நிமிடம் விடாமல் கதைத்தான், என் பாடத்தில் இல்லாததும் சொன்னான். தமிழில் தான் எழுதி, தமக்கையிடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறான். வேலை அவனுடையது, மொழி மட்டும் அவனுடையதில்லை. அதற்குப் பிறகு தமிழில் எழுதவும் அந்தப் பாடநெறியில் அனுமதி வாங்கினோம். மற்றவர் முழுப் புள்ளிக்குரிய விடை அனுப்பியவர். இரண்டாவது கேள்வியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேர், அக்காதான் செய்தவ. எனக்கு வேலையில இரவுக் கடமை" என்றார். விதிப்படி பூச்சியம் போட்டேன். பிறகு அவருடைய முறைவேலை அட்டவணையைக் கேட்டு வாங்கி ஒப்படைத் திகதியைத் தள்ளிக் கொடுத்தோம், அடுத்ததை அவரே செய்தார். இந்த இரண்டையும் எந்தக் கமெராவும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது.

நீங்கள் சேர்க்கிற அட்டைப் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அடையாள அட்டையைப் போடச் சொல்லாதீர்கள். அட்டையின் இரண்டு பக்கமும் ஒரு முகப்படமும் கெட்ட ஆளின் கையில் போனால் அந்தப் பிள்ளையின் பெயரில் என்னென்னவோ செய்யலாம். தனியாக அனுப்பச் சொல்லுங்கள், நகலுக்குக் குறுக்கே "இந்தப் பாடநெறிப் பதிவுக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பாடநெறி முடிந்ததும் அழித்துவிட்டு அழித்ததாக அறிவியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முகம், விரல்ரேகை மாதிரியான உயிரியல் தரவு விசேட பாதுகாப்புக்குரிய வகையில் வருகிறது. மென்பொருள் வாங்குவதாக இருந்தால் அந்த முகங்கள் எந்த நாட்டில், எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுத்தில் வாங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

இனி உங்கள் மூன்று பேர். இன்றைக்கே விசாரணை என்று கடிதம் அனுப்ப வேண்டாம். புள்ளியை வெளியிடுவதையும் ஒரு கிழமை தள்ளுங்கள். இன்னும் ஏழு பேரைக் குலுக்கி எடுத்து, பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி அழைப்பு அனுப்புங்கள், இரவு ஏழு மணிக்குப் பிறகு வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். சிக்னல் இல்லாதவருக்குச் சாதாரண தொலைபேசி அழைப்புப் போதும், பதிவு நேரத்தில் குரல் கேட்டிருப்பீர்கள்தானே, இந்த முறை கேட்கவில்லை என்றால் முதலில் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒப்படையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு முதலாம் கேள்வியாக எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். பத்துப் பேரையும் முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகும் மென்பொருள் தேவை என்று உங்களுக்குப் பட்டால் இருந்து விலைப்பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.